கைப்பிடி கறிவேப்பிலைக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி?

நியூஜெர்சியில் இருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “அம்மா மதுரையிலிருந்து வரும்போது ஒரு கைப்பிடி கறிவேப்பிலையைக் கழுவித் துடைத்துக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்தார். விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். அம்மாவுக்கு ரொம்ப வருத்தம். தாளிக்கத்தானே, நட்டு வளர்க்கவா போகிறோம்? அதே இலையை இங்கே கடையில் கொள்ளை விலைக்கு விற்கிறார்கள். நிஜமாகவே ஆபத்து இருக்கிறதா, அல்லது உள்ளூர் வியாபாரத்தைக் காப்பாற்ற ஒரு சாக்கா?”

இதில் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. சமையலுக்கு வரும் இலையால் செடிகொடிகளுக்கு என்ன கேடு வரும்? அப்படியே வந்தாலும் ஒரு கைப்பிடிக்கு இவ்வளவு கெடுபிடி தேவையா? இதற்குப் பின்னால் இருப்பது அறிவியலா, வியாபாரமா? முதலாவதற்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். மூன்றாவதில் என் கருத்தைத்தான் சொல்ல முடியும்.

நான் வேளாண் பூச்சியியல் படித்தவன். கோவைப் பக்கம் ஏற்றுமதிக்குப் போகும் காய்கறி, கீரை, தழைகளைப் பூச்சிக்காகப் பரிசோதிக்கும் வேலையில் பதினெட்டு வருடம் இருந்தேன். அமெரிக்கச் சட்டம் என் துறை அல்ல. எங்கள் சரக்கு போய்ச் சேரும் அளவுக்கு அந்த விதிகளைத் தெரிந்துகொண்டவன், அவ்வளவுதான். விதிகள் அடிக்கடி மாறும். அதனால் பயணத்துக்கு முன் அந்த நாட்டு வேளாண் துறையின் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சியைப் பற்றி நான் சொல்வதை மட்டும் நம்பி எடுத்துக்கொள்ளலாம்.

கறிவேப்பிலை எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் சொந்தம். மூன்றும் ஒரே குடும்பம். எலுமிச்சை இலையைக் கசக்கி மோந்து பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. இந்தக் குடும்பத்தை மட்டுமே நாடி வரும் ஒரு பூச்சி இருக்கிறது. ஆசிய சிட்ரஸ் சைலிட் என்று பெயர். முழுதாக வளர்ந்த பூச்சியே மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். பழுப்பு நிறம், புள்ளி விழுந்த இறக்கை. இலையில் உட்காரும்போது தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, ஆணி சாய்வாக அடித்ததுபோல நிற்கும். அந்த நிலையை ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

ஆனால் எங்களைப் பாடாய்ப் படுத்தியது வளர்ந்த பூச்சி இல்லை. முட்டையும் குஞ்சும்தான். சைலிட் முற்றிய இலையில் முட்டை வைக்காது. இன்னும் விரியாத கொழுந்து, இரண்டு சிற்றிலைகள் கைகூப்பியதுபோல ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த மடிப்புக்குள்தான் வைக்கும். பாதாம் பருப்பு வடிவம், மஞ்சள் நிறம், நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட முழுதாக வராது. ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு சின்னக் காம்பு உண்டு. அந்தக் காம்பைக் கொழுந்தின் சதைக்குள் செருகித்தான் வைக்கும். ஒரு பெண் பூச்சி தன் ஆயுளில் 800 முட்டை வரை வைக்கக்கூடியது. உங்கள் அம்மா கழுவியது வீண் வேலை என்று நான் சொல்லவில்லை. தூசி போகும், வளர்ந்த பூச்சி பறந்துவிடும். மடிப்புக்குள் காம்பு செருகி உட்கார்ந்திருக்கும் முட்டைக்குக் குழாய்த் தண்ணீர் ஒன்றும் செய்யாது.

காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் கறிவேப்பிலை ஏக்கர் கணக்கில் நிற்கும். செங்காம்பு என்று ஒரு ரகம், காம்பு சிவந்திருக்கும், வாசம் தூக்கலாக இருக்கும். விடிவதற்கு முன்னால் அறுத்துக் கட்டுக் கட்டாக எங்கள் கூடத்துக்கு வந்துவிடும். ஒரு கட்டைப் பிரித்து, வெள்ளைக் காகிதத்துக்கு மேலே பிடித்து, காம்பை விரலால் தட்டுவோம். அசுவினி, இலைப்பேன், வெள்ளை ஈ எல்லாம் கருப்பும் மஞ்சளுமாகப் பொலபொலவென்று உதிரும். சைலிட் குஞ்சு உதிராது. தட்டையாக, மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் கொழுந்தோடு கொழுந்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். பத்து மடங்கு காட்டும் கைலென்ஸை வைத்துக் கொழுந்தை நகத்தால் பிரித்தால், அங்கே நூல்போல வெள்ளை மெழுகுச் சுருள் தெரியும். அது குஞ்சின் கழிவு. அந்தச் சுருளைக் கண்டால் அந்தக் கட்டு அவ்வளவுதான்.

இதில் விவசாயியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கறிவேப்பிலையை அறுக்க அறுக்க மரம் புதுக் கொழுந்து தள்ளும். அந்தக் கொழுந்துதான் சைலிட்டுக்குத் தொட்டில். வருடம் முழுக்க அறுவடை நடக்கும் பயிரில் வருடம் முழுக்க அந்தப் பூச்சிக்கு இடம் இருக்கும்.

சரி, ஒரு குட்டிப் பூச்சி போய்ச் சேர்ந்தால்தான் என்ன? பூச்சி சாறு உறிஞ்சுவதோடு விட்டால் யாரும் இவ்வளவு கவலைப்பட மாட்டார்கள். அது ஒரு பாக்டீரியாவைச் சுமக்கிறது. அந்த நோய்க்குச் சீனப் பெயர் ஹுவாங்லாங்பிங். நம் ஊரில் சிட்ரஸ் பசுமை நோய் என்கிறோம். பாக்டீரியா மரத்தின் உணவுக் குழாய்களில் போய்க் குடியேறும். இலையில் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் மஞ்சள் என்று ஒழுங்கில்லாமல் திட்டுத் திட்டாக வரும். பழம் கோணலாகக் காய்க்கும், ஒரு பக்கம் பழுக்காமல் பச்சையாகவே நிற்கும், கசக்கும். அப்புறம் கிளை கிளையாகக் காய்ந்து சில வருடத்தில் மரம் போய்விடும். நோய் வந்த மரத்தைக் குணப்படுத்த இன்றுவரை வழி இல்லை. இந்தப் பூச்சிதான் அந்த நோயைப் பரப்புகிறது என்பதை இந்தியாவில் நிரூபித்தது கபூரும் அவருடைய சகாக்களும். 1967-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. தாண்டிக்குடிப் பக்கம் கீழ்ப்பழனி மலையில் ஒரு காலத்தில் கமலா ஆரஞ்சு எப்படிக் காய்த்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரிந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. பசுமை நோயும் அதில் ஒன்று.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் கொடுமை. 1998-இல் ஃப்ளோரிடாவில் இந்தப் பூச்சியை முதன்முதலாகப் பார்த்தார்கள். ஆரஞ்சுத் தோட்டத்தில் அல்ல, வேலிக்கும் அழகுக்கும் வைக்கும் ஆரஞ்சு ஜாஸ்மின் செடியில். அதுவும் கறிவேப்பிலைக்கு நெருங்கிய உறவு, வெள்ளைப் பூ பூக்கும். அந்தச் செடியைத் தொட்டியில் வளர்த்து மாநிலம் முழுக்கக் கடைகளில் விற்றார்கள். பூச்சியும் கூடவே லாரியில் போனது. 2001-இல் டெக்சாசில் தென்பட்டது. 2005-இல் ஃப்ளோரிடாவில் நோய் உறுதியானது. 2003-04 பருவத்தில் அங்கே சுமார் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்தது, ஒரு பெட்டி ஏறத்தாழ 41 கிலோ. 2023-24 பருவத்தில் சுமார் 1.8 கோடிப் பெட்டி. நடுவில் புயல் அடித்தது, நிலம் வீட்டுமனையானது, அதெல்லாம் உண்மை. ஆனாலும் இந்தச் சரிவுக்குப் பெரிய காரணம் பசுமை நோய்தான் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஆரஞ்சு வைத்திருந்த குடும்பங்கள் தோட்டத்தைவிட்டு வெளியே வந்துவிட்டன.

கலிபோர்னியாவில் 2008-இல் பூச்சி வந்தது. 2012-இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஒரு வீட்டுத் தோட்டத்து எலுமிச்சை மரத்தில் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. பல வகைகளை ஒட்டுக் கட்டிய மரம் அது. இதற்கு நடுவில் 2009-இல் அதே கலிபோர்னியாவில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு கறிவேப்பிலைப் பொதியை மோப்ப நாய் காட்டிக்கொடுத்தது. உள்ளே சைலிட் பூச்சிகள். அவற்றைச் சோதித்தபோது நோய்க் கிருமியும் இருந்தது. ஆகவே ‘நம் ஊர் கறிவேப்பிலையில் இந்த நோய் போகும்’ என்பது வெறும் ஊகம் அல்ல.

இந்த இடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கறிவேப்பிலை மரத்துக்கு இந்த நோய் வருவதில்லை. பிரேசில் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, கறிவேப்பிலை இந்தப் பாக்டீரியாவுக்கு இடம் கொடுக்காத செடி என்றே காட்டியது. அப்படியானால் கிருமி எங்கிருந்து வரும்? பக்கத்துத் தோட்டத்து எலுமிச்சையில் வளர்ந்த பூச்சி பறந்து வந்து கறிவேப்பிலையில் உட்காரும்போது கிருமியையும் சுமந்துகொண்டு வரும். நம் கிராமங்களில் வீட்டுக்கு ஒரு கறிவேப்பிலை, இரண்டு வீட்டுக்கு ஒரு எலுமிச்சை. இரண்டுக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது. இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட கொத்தில் கிருமி சுமக்கும் பூச்சி இருக்கும் வாய்ப்பு குறைவு. ஆனால் இல்லை என்று யாராலும் கையெழுத்துப் போட முடியாது. கிருமி இல்லாத பூச்சியும் புது இடத்தில் பெருகிவிட்டால் போதும். பிறகு எந்த வழியில் கிருமி வந்தாலும் பரப்பிவிட ஆள் தயாராக இருக்கும். ஃப்ளோரிடாவில் பூச்சி தென்பட்டதற்கும் நோய் தென்பட்டதற்கும் இடையில் ஏழு வருடம் போனதை மறுபடி பாருங்கள்.

“சமையலுக்குத்தானே” என்ற வாதத்துக்கு வருகிறேன். சர்வதேச அளவில் தாவரப் பொருள்களை அபாயத்தின்படி நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். பூச்சி உயிரோடு இருக்கவே முடியாத அளவுக்குப் பதப்படுத்தியவை முதல் வகை. பதப்படுத்தியும் கொஞ்சம் அபாயம் மிச்சம் இருப்பவை இரண்டாவது. பச்சையாக, உண்பதற்கு வருபவை மூன்றாவது. நடுவதற்கு வருபவை நான்காவது, அதுதான் மிக ஆபத்தானது. ஆக, நடுவதற்கும் சமைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை விதி எழுதியவர்கள் மறந்துவிடவில்லை. நீங்கள் சொன்னது அவர்கள் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் பச்சை இலையில் பூச்சி உயிரோடு இருக்கும். ஒரு நாள் விமானப் பயணம் அதற்கு ஒன்றுமே இல்லை. வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஜன்னல் திறந்திருக்கலாம். இலையை உருவிவிட்டுக் காம்பையும் கொழுந்தையும் எங்கே போடுவீர்கள்? தோட்டத்து உரக்குழியில். பக்கத்தில் ஒரு எலுமிச்சைத் தொட்டி இருந்தால் போதும், அந்தப் பூச்சிக்கு இறக்கை இருக்கிறது.

நியூஜெர்சியில் ஏது ஆரஞ்சுத் தோட்டம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜனவரி மாதம் அந்தக் குளிரில் ஒரு சைலிட் பிழைத்து வம்சம் வளர்ப்பது மிகமிகச் சிரமம். உங்கள் வீட்டு வாசலில் அபாயம் கிட்டத்தட்ட இல்லை என்றே நான் சொல்வேன். ஆனால் எல்லையில் நிற்கும் அதிகாரிக்கு நாடு ஒன்றுதான். உள்ளே வந்த பொட்டலம் மறுநாள் டெக்சாசில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க யாரும் இல்லை. அதனால் மிகப் பலவீனமான இடத்துக்கு எது தேவையோ அதையே எல்லா விமான நிலையங்களுக்கும் வைத்துவிடுகிறார்கள்.

ஒரு கைப்பிடிக்கு இவ்வளவு கெடுபிடியா என்பதற்கு எங்கள் பரிசோதனைக் கூடத்துக் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சரக்கில் நூறு கொத்துக்கு ஒரு கொத்தில் பூச்சி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 95 சதவீத உறுதியோடு கண்டுபிடிக்க வேண்டுமானால் ஏறத்தாழ 300 கொத்துகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஆயிரத்துக்கு ஒன்று என்றால் ஏறத்தாழ 3000 கொத்து. ஒரு கொத்தில் எத்தனை கொழுந்து மடிப்பு! நல்ல வெளிச்சத்தில், லென்ஸ் வைத்து, அதற்கென்றே உட்கார்ந்திருந்த நாங்களே மதியத்துக்குள் கண் பூத்துப்போவோம். வரிசையில் முந்நூறு பயணிகள் நிற்கும்போது ஒரு அதிகாரி அம்மாவின் பொட்டலத்தைப் பிரித்து மடிப்பு மடிப்பாகப் பார்ப்பது நடக்காத காரியம். பார்த்துவிட்டு “இதில் இல்லை” என்று சொன்னாலும் அதற்குப் பெரிய அர்த்தம் கிடையாது. பூச்சி இருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்லிவிடலாம், இல்லை என்பதை அப்படிச் சொல்ல முடியாது. மொத்தமாக வேண்டாம் என்று வைத்ததற்கு இதுதான் காரணம். உங்கள் அம்மாவின் சுத்தத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. இதை அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மற்ற தழைகளுக்குக் கதை வேறு. கொத்தமல்லி, புதினா, துளசி போன்றவற்றில் பிரச்சினை பெரும்பாலும் வெள்ளை ஈ, இலைப்பேன், இலைக்குள் கோடு கோடாகத் துளைத்துப் போகும் இலைத்துளைப்பான். கொத்தமல்லிக் கட்டை நாம் வேரோடுதான் வாங்குகிறோம். வேரில் மண் இருந்தால் ஏறக்குறைய எந்த நாடும் உள்ளே விடாது, மண்ணில் நூற்புழுவும் பூஞ்சையும் வரும். வெற்றிலைக்கு வந்த சிக்கல் இன்னொரு வகை. 2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் வங்கதேச வெற்றிலையைத் தடுத்தது சால்மோனெல்லா கிருமிக்காக. அது சாப்பிடுகிறவர்களின் நலம், இங்கே பேசுவது செடிகளின் நலம். இரண்டையும் குழப்பிக்கொண்டு “என் இலை சுத்தமானது, சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது” என்று அதிகாரியிடம் வாதாடுபவர்கள் உண்டு. அவர் கேட்பது அதை அல்ல.

வியாபாரமா, அறிவியலா? என் அபிப்பிராயம்: கறிவேப்பிலை விஷயத்தில் அடிப்படை அறிவியல்தான். கறிவேப்பிலை விற்று அமெரிக்கா பணக்கார நாடாகவில்லை. அவர்கள் காப்பது ஆரஞ்சை. சொந்த நாட்டுக் கறிவேப்பிலைக்கும் அதே கண்டிப்பு உண்டு. பூச்சி பரவிய பகுதியிலிருந்து கறிவேப்பிலையை இஷ்டத்துக்கு மற்ற மாநிலங்களுக்கு அனுப்ப முடியாது. மருந்துப் புகையூட்டல், கதிர்வீச்சு மாதிரி ஏதாவது ஒரு பூச்சி நீக்கத்துக்குப் பிறகுதான் அனுப்பலாம். அந்தச் செலவும் கடை விலையில் ஏறுகிறது. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி ஒரு நாடு இப்படித் தடை போடும்போது அறிவியல் காரணம் காட்டியாக வேண்டும். காகிதத்தில் அது நல்ல விதி. நடைமுறையில் அந்தக் காரணத்தை எதிர்த்து ஆய்வு செய்து வாதாடும் வசதி சின்ன நாடுகளுக்குக் குறைவு, சின்ன விவசாயிக்கு அறவே இல்லை. இந்த வருத்தம் எனக்கு உண்டு.

இன்னொரு பெரிய வருத்தமும் உண்டு, அது எங்கள் கூடத்திலேயே பார்த்தது. வாங்குகிற நாடு பூச்சி இருக்கக் கூடாது என்கிறது. விவசாயி பயந்து, அறுவடைக்கு இரண்டு நாள் முன்னால்கூட மருந்து அடிக்கிறார். பூச்சி போகிறது, மருந்து நிற்கிறது. அப்புறம் அதே சரக்கு மருந்து எச்சத்துக்காகத் திரும்பி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கறிவேப்பிலையைப் பல வருடம் மருந்து எச்சத்துக்கான கூடுதல் சோதனைப் பட்டியலில் வைத்திருந்தது சும்மா இல்லை. காரமடைப் பக்கத்து விவசாயி ஒருவர், திருப்பி அனுப்பிய சரக்கின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “சார், பூச்சி இருந்தாலும் வேண்டாங்கறாங்க, மருந்து இருந்தாலும் வேண்டாங்கறாங்க, நான் என்னதான் பண்றது?” என்று கேட்டார். அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. பிற்பாடு சிலர் வலைக்கூடாரத்துக்குள் வளர்த்தார்கள். சிலர் கொழுந்தைக் கிள்ளிவிட்டு முற்றிய இலையை மட்டும் அனுப்பினார்கள். இரண்டும் பலன் கொடுத்தன, ஆனால் செலவு கூடியது. கடைசி நாளில் மருந்து அடிப்பதைவிட இதுதான் சரியான வழி என்று இன்றும் உறுதியாக நினைக்கிறேன். அந்தச் செலவில் ஒரு பங்கை வாங்குகிறவர்களும் ஏற்க வேண்டும்.

நாமும் இதே அடியை வாங்கியவர்கள்தான். அதனால்தான் இந்த விதிகளை என்னால் பகையாகப் பார்க்க முடியவில்லை. 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. எப்படி வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரே வருடத்தில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாகிவிட்டது. மல்பெரித் தோட்டத்துக்குள் நடந்தால் சட்டை முழுக்க மாவு அப்பிக்கொள்ளும். பட்டுப்புழுவுக்குத் தழை இல்லாமல் தட்டுகளைக் கவிழ்த்து வைத்திருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எந்த மருந்துக்கும் கட்டுப்படவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசரோஃபேகஸ் என்ற ஒரு பொடிக் குளவியை முறையான அனுமதியோடு கொண்டு வந்து, தனிமையில் வைத்துச் சோதித்து, பிறகு தோட்டங்களில் விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொன்றது. சில மாதங்களில் வெள்ளை மறைந்தது. 2016-இல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தபோது அவ்வளவு சீக்கிரம் விடிவு கிடைக்கவில்லை. இன்றைக்கும் ஓலை கருத்துக் கிடக்கிறது.

சைலிட்டுக்கும் அப்படி ஒரு குளவி உண்டு, டமாரிக்சியா. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மார்க் ஹாடில் அதைப் பாகிஸ்தான் பஞ்சாபிலிருந்து எடுத்துப் போய், தனிமைக் கூடத்தில் மாதக்கணக்கில் சோதித்து, 2011 டிசம்பரில் வெளியே விட்டார். பூச்சியின் பூர்வீகம் நம் துணைக்கண்டத்துப் பக்கம் என்பதால் அதன் எதிரியையும் இங்கேதான் தேட வேண்டியிருந்தது. நம் வீட்டுக் கறிவேப்பிலையில் சைலிட் இருந்தும் மரம் பிழைத்துக் கிடப்பதற்கு இந்த மாதிரி குளவிகளும், பொறிவண்டும், சிலந்தியும் ஒரு காரணம். பூச்சி மட்டும் தனியாகக் கடல் கடந்தால் அதைத் தின்ன அங்கே யாரும் இருப்பதில்லை. குளவி விட்ட பிறகு கலிபோர்னியாவின் நகர்ப்புறத் தோட்டங்களில் பூச்சி குறைந்தது. நோய் நின்றுவிட்டதா என்றால் இல்லை.

இனி நடைமுறை. அமெரிக்கா வரும்போது உணவுப்பொருள் எதுவானாலும் ‘இருக்கிறது’ என்று சொல்லிவிடுவதே நல்லது. சொல்லிவிட்டால் இலையை எடுத்துக்கொள்வார்கள், அபராதம் கிடையாது. சொல்லாமல் மாட்டினால் 10,000 டாலர் வரை அபராதம் போட அதிகாரம் உண்டு என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். சின்னப் பொட்டலத்துக்கு அவ்வளவு போட மாட்டார்கள், ஆனாலும் வயதானவர்களை அந்த மேஜை முன்னால் நிற்க வைக்க வேண்டாம். பொடியாக அரைத்த மசாலாவுக்குப் பொதுவாகத் தடை இல்லை. காய்ந்த மசாலாப் பொருள்களிலும் எலுமிச்சை, ஆரஞ்சு வகை இலைகளையும் எலுமிச்சைப்புல்லையும் அவர்கள் விலக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் நிழலில் உலர்த்திய முழுக் கறிவேப்பிலையை நான் சந்தேகப் பட்டியலில்தான் வைப்பேன். கொண்டு வந்தால் காட்டுங்கள், முடிவை அதிகாரியிடம் விட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருக்கும் உறவினர்களுக்கும் இது பொருந்தும். 2019 டிசம்பர் முதல் அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், டுரியான், பேரீச்சை ஆகிய ஐந்தைத் தவிர, பச்சையான எந்தப் பழம், காய், தழைக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், பயணியின் பெட்டியாக இருந்தாலும்.

கடைசியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டிய ஒன்று. அமெரிக்கத் தமிழர்களிடையே ஃப்ளோரிடாவிலிருந்தும் டெக்சாசிலிருந்தும் கறிவேப்பிலைக் கன்றை நண்பர்களுக்குத் தபாலில் அனுப்பும் பழக்கம் இருக்கிறது. அன்பால் செய்வதுதான். ஆனால் பெட்டியில் வந்த கைப்பிடி இலையைவிடத் தொட்டியோடு வந்த கன்று பல மடங்கு ஆபத்து. அதில் கொழுந்து நிற்காமல் வந்துகொண்டே இருக்கும், பூச்சிக்கு வீடும் சாப்பாடும் ஒன்றாகவே போய்ச் சேரும். ஆரஞ்சு ஜாஸ்மின் தொட்டிகள் இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் செய்தது இதைத்தான். கன்று வேண்டுமானால், உங்கள் மாநிலத்துக்கு அனுப்ப அனுமதி பெற்ற நர்சரியில் வாங்குங்கள். ஏற்கெனவே வீட்டில் மரம் இருந்தால், புதுக் கொழுந்து வரும் சமயத்தில் வாரம் ஒருமுறை மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளை மெழுகுச் சுருள் தெரிந்தால் கிளையை வெட்டி எங்கேயும் தூக்கிக்கொண்டு போகாமல், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, ஒரு படம் எடுத்து உங்கள் மாநில வேளாண் துறைக்கு அனுப்புங்கள். அவர்கள் வந்து பார்ப்பார்கள்.